வாசகர் கேள்வி–பதில்: இருண்ட பின்னணியில் தன்னுருவப் படம்

கேள்வி: கடற்கரையை ஒட்டிய எங்கள் வீட்டில், சுவரில் கறுப்புப் புடவையைக் கட்டி, அதன் முன் நின்று கைப்பேசியில் என்னையே படம் எடுக்கிறேன். புடவை சாம்பல் நிறமாகி மடிப்புகளெல்லாம் தெரிகின்றன, முகமோ வெளிறிவிடுகிறது. ஸ்டுடியோ விளக்கு வாங்கினால்தான் சரியாகுமா?
– கல்லூரி மாணவி, பாம்பன்

பதில்: விளக்கு எதுவும் வாங்க வேண்டாம். முகத்தில் விழும் அதே வெளிச்சம் ஓரடி பின்னால் தொங்கும் புடவையிலும் விழுவதுதான் முதல் குறை. அடுத்தது, சட்டகத்தின் பெரும்பகுதி கறுப்பாக இருப்பதால் கைப்பேசி படம் முழுவதையும் நடுத்தரச் சாம்பல் அளவுக்கு வெளிச்சமாக்கப் பார்க்கிறது. அதில் புடவையும் கெடுகிறது, முகமும் கெடுகிறது.

ஆகவே சுவரில் கட்டிய புடவையை அவிழ்த்துவிட்டு, வாசற்கதவைத் திறந்து, நிலைப்படிக்கு இரண்டடி உள்ளே ஒரு முக்காலியில் உட்காருங்கள். பின்னால் உள்ள அறையின் சன்னல்களை அடைத்துவிட்டால், எட்டுப் பத்தடி ஆழமுள்ள அந்த இருட்டே எந்தத் துணியையும்விட நல்ல பின்னணியாகும். சிறிய விளக்கிலிருந்து தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்காகிவிடும். வாசல் வெளிச்சம் அவ்வளவு வேகமாகக் குறையாவிட்டாலும் உள்ளே போகப்போக மங்கத்தான் செய்யும். உங்கள் ஊரில் வெண்மணல் பகல் வெளிச்சத்தைக் கீழிருந்து மேலே எறிவதால், மூக்கின் நிழல் தலைகீழாக விழுந்து முகம் விகாரப்படும்; வாசலில் ஒரு பழைய சாக்கை விரித்துவிடுங்கள். வடக்குப் பார்த்த வாசலானால் நாளின் பெரும்பகுதி மென்மையான வெளிச்சம் கிடைக்கும்.

முகத்தை வாசலுக்கு நேராக வைக்காமல் சற்றே திருப்பினால், நிழல் விழுந்த கன்னத்தில் கண்ணுக்குக் கீழே ஒரு சிறு முக்கோண ஒளி நிற்கும். தம்மையே பலமுறை வரைந்த டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் (1606–1669) பெயரால் புகைப்படக்காரர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள். சுண்ணாம்புச் சுவர் பக்கத்தில் இருந்தால் அந்த நிழல் வெளுத்துவிடும்; கழற்றிய புடவையை அந்தச் சுவரில் போடுங்கள், அங்கேதான் அதற்கு வேலை.

முன்பக்கக் கேமராவைவிடப் பின்பக்கக் கேமரா பெரும்பாலும் தெளிவானது. முக்காலியின் மேல் முகத்தின் உயரத்துக்கு ஒரு பனையோலைப் பெட்டியை வைத்து, திரையில் அதை அழுத்திப் பிடித்துக் குவியத்தை (ஃபோகஸை) பூட்டுங்கள். பிறகு பெட்டியை எடுத்துவிட்டு, 10 நொடி டைமரில் அதே இடத்தில் உட்காருங்கள். முதல் படத்தைப் பார்த்து, நெற்றியும் மூக்கும் வெளுக்காத அளவுக்குக் கைப்பேசித் திரையில் வெளிச்ச அளவைக் குறைத்து மறுபடி எடுங்கள். அழகூட்டும் வசதியை அணைத்துவிடும்படி உரிமையோடு கேட்கிறேன்; மாநிறம் இருட்டின் முன் மாநிறமாகவே நிற்கும்போதுதான் படத்துக்கு உயிர் வருகிறது.

கேள்வி: இருட்டுப் பின்னணியில் எடுக்கும் என் படங்களில் மட்டும் புகை படர்ந்ததுபோல் தெரிவது ஏன்?
– வாசகர், மண்டபம்

பதில்: லென்ஸில் படிந்த உப்புதான் காரணமாக இருக்கக்கூடும். அது வெளிச்சத்தைச் சிதறடிப்பதை வெளிறிய பின்னணி மறைத்துவிடும், கறுப்பு காட்டிக்கொடுத்துவிடும். வேட்டி முனையால் துடைக்காதீர்கள். ஒட்டியிருக்கும் மணல் துகள் கீறிவிடும். ரப்பர் ஊதியால் ஊதிய பிறகு, லேசாக ஈரமாக்கிய மூக்குக்கண்ணாடித் துணியால் அழுத்தாமல் துடையுங்கள்.