காதில் கிளிப் மாட்டினால் இதயம் தேறுமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. எக்கோ ஸ்கேனில் பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் அளவு) 30 சதவீதம். காதில் கிளிப் மாட்டி நரம்பைத் தூண்டினால் உடம்பில் அழற்சி குறைந்து இதயம் தேறும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். முட்டுவலிக்கு வாங்கிய, தோல் வழியாக லேசான மின்சாரம் செலுத்தும் டென்ஸ் மிஷினை காதில் வைக்கலாமா?
– வாசகி, குளச்சல்

பதில்: தயவுசெய்து வைக்காதீர்கள். ஆனால் வீடியோவில் சொன்னது முழுக் கட்டுக்கதை இல்லை. இதயம் தளர்ந்தால் அதை விரட்டி ஓட்டும் நரம்புகள் ஓங்கி, நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பு அடங்கிவிடும். வேகஸைத் தூண்டினால் மண்ணீரல் வழியாக டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருள் குறையும். வேகஸின் ஒரு கிளை காதுத் துவாரத்துக்கு முன்னால் துருத்தி நிற்கும் குருத்தெலும்புப் பகுதிக்கு வருகிறது. அங்கே தினம் 1 மணி நேரமாக 3 மாதம் தூண்டிப் பார்த்த ஆய்வு 2022இல் வந்தது. 52 பேர்தான், டி.என்.எஃப். குறைந்தது. ஆனால் அவர்களுக்குப் பம்பிங் குறையவில்லை, இதயம் விறைத்திருந்தது. அப்பாவின் வகை வேறு.

அப்பாவைப் போன்ற 707 பேரை வைத்து, கழுத்தில் வேகஸைத் தூண்டும் கருவி பொருத்திப் பார்த்த ஆய்வு 2016இல் வந்தது. நடக்கும் தூரம் கூடியது. மரணமோ இதயப் பலவீனம் முற்றுவதோ குறையவில்லை. டி.என்.எஃப்.ஐ மருந்தால் அடக்கிப் பார்த்ததும் கைகொடுக்கவில்லை. அப்படி ஒரு மருந்தான இன்ஃப்ளிக்ஸிமாப் அதிக டோஸில் நிலைமையை மோசமாக்கியது. ரத்தத்தில் அழற்சி குறைவது வேறு, இதயம் தேறுவது வேறு.

டென்ஸ் மிஷின் வலிக்கானது. அதன் பேடு கழுத்தின் முன்பக்கமோ பக்கவாட்டிலோ பட்டால் நாடித்துடிப்பும் பிரஷரும் சட்டென இறங்கலாம். பேஸ்மேக்கரோ ஐ.சி.டி.யோ (ஆபத்தான துடிப்பை ஷாக் கொடுத்துச் சரிசெய்ய உடம்பில் பொருத்தும் கருவி) இருந்தால், இந்த மின்துடிப்பை இதயத்துடிப்பு என்று அது தப்பாக எடுத்துக்கொள்ளலாம். டாக்டரைக் கேட்காமல் முட்டிலும் வைக்கக் கூடாது.

எனக்குப் பெரிய கவலை, முட்டுவலிக்கு அப்பா என்ன மாத்திரை போடுகிறார் என்பதுதான். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், அதனால் அவை வேண்டாம். பாராசிட்டமாலை டாக்டர் சொன்ன அளவில் போடலாம். தண்ணீரில் நுரைத்துக் கரையும் வகை வேண்டாம், அதில் சோடியம் அதிகம். கஞ்சிக்குக் கருவாடும் வேண்டாம், ஊறவைத்துக் கழுவினாலும் உப்பு முழுக்கப் போகாது. பச்சைச் சாளையோ அயலையோ உப்பு குறைத்துக் குழம்பு வையுங்கள். நீர் தேங்கிக் குடல் வீங்கினால் கிருமிகளின் நச்சு ரத்தத்தில் கசிந்து அழற்சி கூடும் என்று கருதப்படுகிறது. ஆகவே தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்ற டாக்டர் நீர் மாத்திரை தந்திருந்தால் அதைத் தவறவிடாதீர்கள்.

காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன் எடை பார்த்து எழுதி வையுங்கள். 3 நாளில் 2 கிலோ ஏறினால் டாக்டரிடம் பேசுங்கள். படுத்தால் மூச்சு முட்டினால் காத்திருக்க வேண்டாம். பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ உடனே கொண்டுபோங்கள்.