புள்ளி வரி, மகமை: இரண்டும் ஒன்றா?

காரைக்குடிப் பக்கம் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கோயில் கணக்கில் வரி வாங்க எண்ணும் ‘புள்ளி’ தலைக்கட்டா, அதாவது வீட்டுக்கு ஒன்றா, மகமையும் அதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தலைக்கட்டு அல்ல. மணமான தம்பதி ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி முதலான 9 கோயில்களுள் தாம் சேர்ந்த கோயிலில் திருமணத்தைப் பதிந்த பிறகே புள்ளிக் கணக்கில் சேர்வார்கள். ஆகவே தந்தை, மணமான இரு மகன்கள் எல்லோரும் தத்தம் மனைவியரோடு ஒரே வளவில் (வீட்டில்) இருந்தாலும் 3 புள்ளி. மணமாகாத மகனுக்கு வரி கிடையாது. வீட்டுக்கு ஒன்று என்று எண்ணுபவர்கள் தவறுவது இங்கேதான்.

மகமை வேறு. அது வியாபாரத்தின் மேல் விழுவது: விற்ற சரக்குக்கோ வரவுக்கோ இவ்வளவு என்று தருமத்துக்கு எடுத்துவைக்கும் பணம். ஆளை எண்ணுவது புள்ளி, வரவை எண்ணுவது மகமை.

கல்வெட்டில் காணும் ‘இறையிலி’யையும் இதோடு குழப்பவேண்டாம். இறு என்றால் செலுத்து. அதிலிருந்து வந்த இறை, வரி. இறையிலி வரி நீங்கிய நிலம்.