டேக் கிளவுட்: எடுத்துவிடுங்கள்

தம்பி, மட்டக்களப்புச் செய்தித் தளத்தின் பக்கப்பட்டையில் டேக் கிளவுட், அதாவது பதிவுகளுக்கு இடும் குறிச்சொற்களை (டேக்) அதிகம் வந்தது பெரிய எழுத்தில் தெரியும்படி கூட்டமாகக் காட்டும் பகுதி, தேவையா என்று கேட்டிருந்தீர்கள். தேவையில்லை. எழுத்தின் பருமன் பதிவுகளின் எண்ணிக்கையைக் காட்ட வேண்டும், ஆனால் கண் சொல்லின் நீளத்தையும் சேர்த்தே அளக்கும். எண்ணிக்கை சமமாக இருந்தாலும் 'களுவாஞ்சிக்குடி' பெரிதாகவும் 'மீன்' சிறிதாகவும் தெரியும். தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் இயல்பாக 8 முதல் 22 புள்ளி (pt) எழுத்தளவில் 45 டேக் வரை காட்டும். 8 புள்ளியில் தமிழின் கொம்பும் சுழியும் ஃபோனில் கலங்கிப்போகும், விரலும் பக்கத்துச் சொல்லில் படும்.

முதலில் டேக்குகளைச் சுத்தம் செய்யுங்கள், உண்மையான நோய் அங்கேதான். 'வாவி', 'மட்டு வாவி', 'மட்டக்களப்பு வாவி' மூன்றும் ஒன்றாக வேண்டும். டேக் பட்டியலில் 'வாவி'க்கு எதிரே உள்ள எண்ணை அழுத்தினால் அதன் பதிவுகள் வரும். எல்லாவற்றையும் தெரிவுசெய்து, மொத்தத் திருத்தத்தில் 'மட்டக்களப்பு வாவி'யைச் சேருங்கள். அதன்பிறகே பழைய டேக்கை அழித்துவிடுங்கள். முந்தி அழித்தால் எந்தப் பதிவுகள் என்பதே தெரியாமல் போய்விடும். பழைய டேக்கின் முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் 301 திசைமாற்றம் கட்டாயம், இல்லாவிட்டால் 'பக்கம் இல்லை' என்ற 404 பிழை வரும்.

ஏறாவூர், காத்தான்குடி, வாழைச்சேனை போன்ற ஊர்களை வகைகளாக்கி (category), கிளவுட் இருந்த இடத்தில் பதிவு எண்ணிக்கையோடு அகரவரிசையில் போடுங்கள். வாசகர் தன் ஊரைத்தான் தேடி வருவார்.

கிளவுட் இருந்தே ஆக வேண்டுமென்றால் 20 டேக், 14 முதல் 20 புள்ளி.