பணத்தைத் திருப்பி வைத்துவிட்டேன், ஆனாலும் ஜெபிக்க முடியவில்லை

அன்புள்ள ஆலோசகருக்கு,

ஸ்தோத்திரம். எனக்கு 31 வயது. சபையில் வாலிபர் ஐக்கியத்தின் பொருளாளராக இருக்கிறேன். சென்ற வருடம் கடன் கழுத்தை நெரித்தபோது ஐக்கியப் பணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவைத்தேன். நடக்காத செலவுகளை நடந்ததாகக் கணக்கில் எழுதினேன். பிறகு முழுத் தொகையையும் ‘பெயர் சொல்ல விரும்பாதவர் காணிக்கை’ என்று வரவு வைத்துத் திருப்பிவிட்டேன். யாருக்கும் தெரியாது.

தினமும் இரவு மன்னிப்புக் கேட்கிறேன். எழுந்ததுமே, சரியாகக் கேட்டேனா என்று சந்தேகம் வந்து மறுபடி முழங்கால் போடுகிறேன். திருவிருந்து ஞாயிறுகளில் ஏதாவது சாக்குச் சொல்லி ஆராதனைக்குப் போவதில்லை. இப்போது போதகர் வேதபாட வகுப்பையும் என்னையே எடுக்கச் சொல்கிறார். ஊழியத்தில் இன்னும் அதிகமாக இறங்கினால் இது சரியாகிவிடுமா? தேவனிடம் சொன்ன பிறகு மனிதரிடமும் சொல்லத்தான் வேண்டுமா?

இப்படிக்கு,
ஒரு சகோதரன்

அன்புள்ள சகோதரருக்கு,

ஊழியத்தால் இது சரியாகாது. மனிதரிடமும் சொல்லத்தான் வேண்டும்.

பாவத்தை அறிக்கையிட்டால் மன்னிக்க தேவன் உண்மையுள்ளவர் என்று 1 யோவான் 1:9 சொல்கிறது. எத்தனை முறை, எவ்வளவு கண்ணீரோடு என்ற கணக்கு அங்கே கிடையாது. நீங்கள் மறுபடி மறுபடி கேட்பதற்கு அவிசுவாசம் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. கேட்டவுடன் சிறிது நேரம் மனம் லேசாகிறது. அந்த நிம்மதிதான் அடுத்த சந்தேகத்துக்குத் தீனி. அதனால் இன்றிரவு ஒரே முறை, செய்ததைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். 51-ஆம் சங்கீதத்தை வாசித்து முடித்துக்கொள்ளுங்கள். சந்தேகம் திரும்ப வந்தால் முழங்கால் போட வேண்டாம். “கேட்டாயிற்று” என்று சொல்லிவிட்டுக் கைவேலையைப் பாருங்கள். முதல் சில நாள் பதற்றம் கூடும், பிறகு தணியும். இந்த எண்ணங்கள் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்துவைத்தாலோ, தூக்கமோ வேலையோ கெட்டாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். அது ஓசிடியாக (ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் மனநோய்) இருக்கலாம், சிகிச்சை உண்டு. சாவதே மேல் என்ற நினைப்பு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொரு காரணம் உங்கள் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. பணம் திரும்பி வந்துவிட்டது, பொய் அப்படியே இருக்கிறது. அதுவும் காணிக்கை என்ற பெயரில்! இந்த வரி இருக்கும்வரை ஒவ்வொரு முறை புத்தகத்தைத் திறக்கும்போதும் அதே பாவத்தைக் காத்துக்கொண்டிருக்கிறீர்கள். எண்ணாகமம் 5:7 மூன்றைச் சேர்த்தே சொல்கிறது: அறிக்கையிடு, முழுவதையும் திருப்பிக் கொடு, ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடு. அந்தக் கூடுதல் பங்கு இன்று உங்கள்மேல் சட்டமல்ல. ஆனாலும் அதில் நியாயம் இருக்கிறது: அத்தனை நாள் அந்தப் பணம் ஐக்கியத்துக்கு உதவாமல் போயிற்றே.

யாரிடம் சொல்வது என்பதில் அவசரப்படாதீர்கள். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸும் “பாவஞ்செய்தேன்” என்றான், 30 வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான். கேட்ட ஆசாரியர்களோ “அது உன்பாடு” என்று கைகழுவினார்கள். இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவுக்கு வாய்த்தவரோ இயேசுவே. மறுதலித்தது மூன்று முறை, “என்னை நேசிக்கிறாயா” என்ற கேள்வியும் மூன்று முறை. கண்டிக்கவும் கூடவே நிற்கவும் தெரிந்தவரைத் தேடுங்கள். கணக்குக்குப் பொறுப்பானவரும் அவரே என்றால் நல்லது. உங்கள் போதகர் அப்படிப்பட்டவரானால் அவரிடமே தொடங்குங்கள். சாட்சி நேரத்தில் சபை முழுக்கப் போட்டு உடைக்க வேண்டாம். பாதிக்கப்பட்டவர்கள் எவ்வளவோ, அறிக்கையும் அவ்வளவுதான்.

பேசும்போது எடுத்த தொகை, எழுதிய பொய், திருப்பிய விதம் மூன்றையும் முதலில் சொல்லிவிடுங்கள். கடன் கதை பிறகு, அதுவும் கேட்டால் மட்டும். அதை முன்னால் வைத்தால் அறிக்கை மனுவாகிவிடும். “மன்னித்துவிட்டேன் என்று சொல்லுங்கள்” என்று அங்கேயே நெருக்காதீர்கள். பதவி போகலாம். நம்பிக்கை திரும்ப மாதங்கள் ஆகலாம். தேவ மன்னிப்பும் மனிதர் நம்பிக்கையும் ஒரே நாளில் வருவதில்லை. இதைக் குழப்பிக்கொள்பவர்கள்தான் “தேவனே மன்னித்துவிட்டார், நீங்கள் யார்?” என்று சண்டைக்கு நிற்பார்கள்.

பொறுப்பை நீங்களே திருப்பிக் கொடுங்கள். வேதபாடமும் இப்போது வேண்டாம். வாரம் ஒருமுறை போதகரோ மூத்த விசுவாசி ஒருவரோ உங்களிடம் கடன், செலவு, ஜெபம் பற்றி நேரடியாகக் கேட்கட்டும். கடனை அடைக்கும் திட்டத்தை அவரிடம் எழுத்தில் காட்டுங்கள், வேர் அங்கேதான் இருக்கிறது. நாற்பது நாள் உபவாசம் போன்ற பெரிய பொருத்தனைகள் வேண்டாம். மூன்றாம் நாள் தவறினால் புதிய குற்ற உணர்வுதான் மிஞ்சும். காலையில் பத்து நிமிடம், ஒரு சங்கீதம், ஒரு ஜெபம் போதும்.

திருவிருந்தைப் பற்றி: தன்னைச் சோதித்தறிந்து புசிக்கவே 1 கொரிந்தியர் 11:28 சொல்கிறது, சோதித்துவிட்டு வீட்டிலேயே இருக்கச் சொல்லவில்லை. அடுத்த திருவிருந்துக்கு முன்பே போதகரைச் சந்திக்க நாள் கேளுங்கள். போகும்போது, பொய்யாக எழுதிய ஒவ்வொரு வரியின் தேதியையும் தொகையையும் தனித்தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள்.