டெபாசிட் முதிரும் வரை கண் காத்திருக்குமா?

கேள்வி: என் ஏழு வயது மகனுக்குப் பந்து பட்டு விழித்திரை விலகிவிட்டது. தழும்புச் சவ்வும் படர்ந்திருப்பதால் விட்ரெக்டமி (கண்ணுக்குள் இருக்கும் கூழை அகற்றும்) ஆபரேஷன் செய்து, விழித்திரையைத் தாங்கிப் பிடிக்க சிலிகோன் எண்ணெய் நிரப்ப வேண்டும், மருந்தும் தொடர வேண்டும் என்கிறார் டாக்டர். ஆபரேஷனுக்கான தொகை டெபாசிட்டில் இருக்கிறது. முதிர இரண்டு மாதம் ஆகும். காத்திருக்கலாமா, அல்லது அவன் படிப்புக்குச் சேர்த்ததை எடுக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். டெபாசிட்டை முன்கூட்டியே முடித்தால் வட்டியில்தான் கொஞ்சம் போகும். சவ்வு இறுகி, பார்வையின் மையப் பகுதி விலகிக் கிடக்கும் நாள் கூடக் கூட, போன பார்வை திரும்புவது கடினம். டாக்டர் குறிக்கும் தேதிக்குப் பணத்தைத் தயார் செய்யுங்கள்.

எனக்குக் கவலை வேறு: நீங்கள் ஒரே ஒரு ஆபரேஷனுக்குத்தான் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். குழந்தைகளின் கண்ணில் தழும்பு வேகமாக வளரும். ஒட்டிய விழித்திரை மறுபடி விலகுவதும் உண்டு. எண்ணெயைப் பெரும்பாலும் சில மாதங்கள் கழித்து வெளியே எடுப்பார்கள். அது தனி ஆபரேஷன். இடையில் கண்புரையோ கண் அழுத்தமோ வந்தால் அதற்கும் சிகிச்சை வேண்டும். அப்புறம் மருந்து. ஸ்டீராய்டு சொட்டு பெரிய செலவில்லை. தழும்பை அடக்க மெத்தோட்ரெக்ஸேட்டைக் கண்ணுக்குள் பலமுறை ஊசியாகப் போடும் டாக்டர்களும் இருக்கிறார்கள். அது பழைய, மலிவான மருந்துதான். ஆனால் ஏழு வயதுப் பையன் கண்ணில் ஊசி போட அசையாமல் படுப்பானா? பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து என்று ஆகும். செலவு அங்கேதான் ஏறும். அதனால் ஓராண்டுக்கான உத்தேசச் செலவை மருத்துவமனையில் எழுதி வாங்குங்கள்.

இன்சூரன்ஸ் இருந்தால், எண்ணெய் எடுக்கும் ஆபரேஷனும் மயக்கத்தில் செய்யும் பரிசோதனையும் அதில் சேருமா என்று எழுத்தில் கேளுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் கண்ணுக்கென அனுமதி பெற்ற மருந்து இல்லை என்பதால் அந்த ஊசிக்குப் பணம் மறுக்கப்படலாம். முன் அனுமதி கேட்டுவிடுங்கள்.

படிப்புப் பணத்தை இப்போது தொடாதீர்கள். ஆனால் அதில் புதிதாகப் போடுவதை ஓராண்டு நிறுத்தி, அந்தத் தொகையை நினைத்தவுடன் எடுக்கக்கூடிய கணக்கில் சேருங்கள். பெரிய கடனை இப்போதே வாங்கி வட்டி கட்ட வேண்டாம். அடுத்த கட்டம் உறுதியானதும் தேவையான அளவு மட்டும் வாங்கலாம்.

விழித்திரை ஒட்டிய பிறகு, அந்தக் கண் சோம்பேறிக் கண்ணாகாமல் (மூளை அதன் பார்வையைப் புறக்கணிக்காமல்) இருக்க, கண்ணாடியும் நல்ல கண்ணை மூடிப் பழக்கும் சிகிச்சையும் மாதக்கணக்கில் தேவைப்படலாம். அதற்குப் பணத்தைவிட வீட்டில் ஒருவருடைய நேரம்தான் வேண்டும். சம்பளமில்லா விடுப்பு எடுக்க நேர்ந்தால் அந்த இழப்பையும் பட்ஜெட்டில் எழுதுங்கள். நல்ல கண்ணைக் காக்க, எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடிக்கும் இன்றே ஒரு தொகை ஒதுக்குங்கள்.