மஞ்சள் துணியில் முடிந்த நாலணா

கேள்வி: காசு போன்ற அன்றாடப் பொருள்களில் ஆன்மிக அர்த்தம் எதையாவது உணர்ந்திருக்கிறீர்களா?

வழியில் காசு கிடந்தால் கடவுள் சேதி அனுப்பியிருக்கிறார் என்று நம்புகிற ஆள் நானில்லை. யாரோ ஒருவருடைய சட்டைப்பையில் ஓட்டை, அவ்வளவுதான். காலில் பட்டுவிட்டால் மட்டும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். அது பழக்கம், கை தானாகப் போகிறது.

ஆனால் அம்மாவின் பிஸ்கட் டப்பாவைப் பார்த்த பிறகு, இந்த விஷயத்தில் முன்போல அடித்துப் பேச முடியவில்லை.

அம்மா இறந்த அன்று நெற்றியில் வைக்க ஒரு ரூபாய் காசு கேட்டார்கள். கூடியிருந்த ஒருவர் பையிலும் இல்லை, எல்லாரும் ஜீபே ஆட்கள். தெருமுனை டீக்கடைக்கு ஒரு பையனை ஓடவிட்டு வாங்கி வந்தோம். காரியம் எல்லாம் முடிந்து பூஜை அலமாரியைத் துடைக்கும்போதுதான் சமயபுரம் மாரியம்மன் படத்துக்குப் பின்னால் அந்த டப்பா அகப்பட்டது. உள்ளே நான்கு மஞ்சள் முடிச்சுகள். ஒவ்வொன்றிலும் ஒரு காசு. அம்மாவைக் கிடத்தியிருந்த இடத்திலிருந்து நாலு எட்டுதான் அந்த அலமாரி.

வீட்டில் யாருக்காவது முடியாமல் போனால் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து, மஞ்சள் தண்ணீரில் நனைத்து, காசை வைத்து வேண்டிக்கொண்டு முடிந்து வைப்பார்கள். நல்லபடியாக ஆனதும் முடிச்சோடு உண்டியலில் சேர்க்க வேண்டும். இந்த நான்கும் போய்ச் சேராதவை.

இரண்டில் துணி இற்றுப்போய், தொட்டதும் காசு வெளியே விழுந்தது. ஒன்று பழைய கனத்த ஒரு ரூபாய். இன்னொன்று நாலணா, காண்டாமிருகம் போட்டது, 1989. ஓரத்தில் மஞ்சள் கறுப்பாகப் படிந்திருந்தது. 25 காசு செல்லாது என்று 2011 ஜூன் மாதத்தோடு அரசாங்கம் நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் அது பாட்டுக்கு அம்மன் படத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது.

சித்தியிடம் காட்டினேன். “இது உனக்குத்தாண்டா. ஒண்ணாப்பு படிக்கிறப்ப அம்மை போட்டுச்சே, அப்ப முடிஞ்சது” என்றாள். ஏன் நாலணா, ஒரு ரூபாய்கூடவா இல்லை என்று கேட்டேன். “ராத்திரி உனக்கு அனல் மாதிரி கொதிக்குது. கையில கெடைச்சத முடிஞ்சா. அந்த நேரத்துல எண்ணிப் பார்ப்பாளா?”

வேப்பிலைப் படுக்கையும், சொறியாதே என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டதும் நினைவிருக்கிறது. காசு முடிந்தது தெரியாது. மாசிக் கடைசியில் தொடங்கி 28 நாள், பக்தர்களுக்காக அம்மனே பச்சைப் பட்டினி கிடப்பதாகச் சமயபுரத்தில் ஐதீகம். அந்த நாட்களில் துள்ளு மாவும் நீர்மோரும் பானகமும்தான் நைவேத்தியம். அம்மாவும் வருஷா வருஷம் ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம் இருப்பாள். கேட்டால், “உனக்குத் தெரியாது, போ” என்பாள். வருஷம் தவறாமல் சமயபுரம் போனவள் இந்த நாலணாவை ஏன் சேர்க்கவில்லை? சித்திக்கும் தெரியவில்லை. மறந்திருக்கலாம். எனக்கென்னவோ, சேர்த்துவிட்டால் காவல் போய்விடுமோ என்று பயந்து வைத்துக்கொண்டாள் என்றுதான் தோன்றுகிறது.

அவிழாத இரண்டை அவிழ்க்க மனசு வரவில்லை. துணிக்கு மேலாகக் கட்டை விரலால் தடவிப் பார்த்தேன். ஒன்று 2011-ல் வந்த சின்ன ஒரு ரூபாய் மாதிரி இருந்தது. அப்படியென்றால் அப்பாவின் இதய ஆபரேஷன் சமயமாக இருக்கும். மற்றது யாருக்கென்று சித்தியாலும் சொல்ல முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு முடிந்திருந்தாலும் ஆச்சரியமில்லை, அம்மா அப்படிப்பட்ட ஆள்.

போன ஆடியில் சமயபுரம் போனேன். நாலணாவை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்குப் பதில் 101 ரூபாய் போட்டேன். கனத்த ஒரு ரூபாயைப் புதுத் துணியில் முடிந்து போட்டேன். அப்பாவுடையதும் போனது. கடைசி முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கு நேர்ந்ததோ அவர்கள் நல்லா இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டு நின்றேன்.

“சார், போட்டுட்டு நகருங்க” என்றார் வரிசையில் பின்னால் நின்றவர். போட்டேன்.