சேமிப்பைத் தொடவே மனம் வரவில்லை

கேள்வி: எனக்கு 69 வயது. மனைவி மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஓய்வூதியம் அன்றாடச் செலவுக்குப் போதுகிறது. வங்கியில் வைப்புத்தொகையும் இருக்கிறது. ஆனால் அதை எடுக்க நினைத்தாலே, சம்பாதிக்காதவன் செலவழிப்பதா என்று மனம் குறுகுகிறது. பயணச் செலவுக்கு அஞ்சி, மாதந்தோறும் நண்பர்களைப் பார்க்கப் போவதையும் நிறுத்திவிட்டேன். இது சரிதானா?

பதில்: ‘சம்பாதிக்காதவன்’ என்று உங்களையே நீங்கள் குறிப்பிட்டிருப்பதுதான் என்னை மிகவும் வருத்தியது. உழைக்கும் காலத்தில் ஒதுக்கி வைப்பதே வருமானம் குறைந்த காலத்தில் எடுத்து வாழ்வதற்காகத்தான் என்பதைப் பொருளியலறிஞர் பிராங்கோ மோடிக்லியானி 1950-களில் ஒரு கோட்பாடாகவே வகுத்தார். அந்த வைப்புத்தொகை, நீங்கள் என்றோ உழைத்து ஈட்டிவிட்டு இன்னும் கையில் வாங்கிக்கொள்ளாத ஊதியம்.

உங்கள் அச்சத்தை வீண் என்று ஒதுக்கமாட்டேன். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டுகளில் செலவு இரட்டிப்பாகும். எனவே மருத்துவத்துக்கென ஒரு தொகையை முதலில் தனியே பிரித்துவிடுங்கள். எஞ்சியதிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு, முதல் ஆண்டில் 4 சதவீதம் எடுத்து, பின்னர் விலைவாசிக்கு ஏற்ப அத்தொகையை உயர்த்திக்கொண்டே போனாலும் 30 ஆண்டுகள் தாங்கும் என்று அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-இல் போட்ட கணக்கு பலராலும் எடுத்துக்காட்டப்படுகிறது. அது பங்குகளும் கடன்பத்திரங்களும் கலந்த முதலீட்டுக்கு, அமெரிக்கச் சந்தையின் பழைய விவரங்களைக் கொண்டு போட்டது. உங்கள் பணம் வைப்புத்தொகையாக மட்டுமே இருப்பதால், 3 சதவீதத்தில் தொடங்கி ஆண்டுக்கொருமுறை கணக்கைப் பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து. எவ்வளவு எடுக்கலாம் என்று தாளில் எழுதி வைத்த பிறகு, ஒவ்வொரு செலவின்போதும் மனத்துக்குள் வழக்காட வேண்டியிருக்காது.

நண்பர்களைப் பார்க்கும் செலவை நிறுத்தியதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. தனிமை உடல்நலத்தையும் கெடுக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கிறது. பணத்துக்கும் அதனால் ஆபத்து உண்டு: பேசுவதற்கு ஆளில்லாத முதியவர்களிடம் அன்பாகப் பேசிப் பழகி, அதிக வட்டி ஆசைகாட்டிச் சேமிப்பைப் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். “யாரோ ஒருவர் இப்படிச் சொல்கிறார், என்ன செய்யலாம்?” என்று கேட்க ஒரு நண்பர் இருந்தாலே பல மோசடிகள் அங்கேயே நின்றுவிடக்கூடும். ஆகவே அந்தப் பயணச் செலவை மருந்துச் செலவுக்கு அடுத்த வரியில், தள்ளிப்போட முடியாத செலவாக எழுதுங்கள். அந்தத் தொகையும் கையில் இல்லாத மாதத்தில் நண்பர்களை உங்கள் வீட்டுக்கு அழையுங்கள். இவ்வளவு நாள் வராததற்குக் காரணம் பணக்கவலைதான் என்பதையும் அவர்களில் ஒருவரிடமாவது மறைக்காமல் சொல்லுங்கள்.